வரத்துவாரியை அளக்கச் சொல்லும் முன்

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓடையான வரத்துவாரியைப் பெரியப்பா மகன் டிராக்டர் விட்டு உழுது தன் வயலோடு சேர்த்துக்கொண்டார். கேட்கப் போன அம்மாவையும் ஏசினார். இந்திய நில அளவைத் துறை வரைபடத்தில் அவர் வயல் நடுவே ஓடை நீலக் கோடாகத் தெளிவாக இருக்கிறது. படங்கள் இணைத்துள்ளேன். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா?

பதில்: அம்மாவை ஏசியது வேதனைதான், இந்த வழக்கில் அது ஏறாது. அந்த வரைபடமும் ஏறாது. 50,000-க்கு 1 என்ற அளவில் வரைந்தது அது. அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 25 மீட்டர். ஓடை உண்டு என்று சொல்லுமே தவிர, யார் வயலில் எத்தனை அடி என்று சொல்லாது. ஒவ்வொரு புலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புல வரைபடத்திலும், நிலத்தின் வகையை எழுதி வைக்கும் வருவாய்த் துறை அ-பதிவேட்டிலும் வாரிக்குத் தனி சர்வே எண் அல்லது உட்பிரிவு கொடுத்து, புறம்போக்கு என்று எழுதியிருக்கிறதா? வழக்கே அதில்தான் நிற்கிறது. இல்லையென்றால் ரிட் வீண். அடுத்தவர் நிலம் வழியே தண்ணீர் பெறுவது போன்ற உரிமைகளுக்கான 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டுப் பயன்பாட்டைக் காட்டி சிவில் கோர்ட்டுக்குப் போங்கள். தடுத்தது தெரிந்தும் ஓராண்டு சும்மா இருந்தால் அதுவும் கைநழுவும்; கலெக்டருக்கு மனு மேல் மனு போட்டுக் காலத்தைக் கழிக்காதீர்கள்.

தனி எண் இருந்தால்தான் எனக்குப் பயம். ‘அவர் ஆக்கிரமிப்பை மட்டும் அகற்றுங்கள்’ என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. வாரியை முழுக்க அளந்து, யார் உள்ளே இருந்தாலும் அகற்று என்றுதான் உத்தரவு வரும். நில அளவர் சங்கிலியை இரு கரைக்கும் இழுப்பார். எதிராளிக்கு வெட்டிய குழியில் என் கட்சிக்காரர்கள் விழுவது இங்கேதான்: 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்ட நோட்டீஸ் மனுதாரர் வீட்டுக்கும் வரும். அப்பா காலத்திலிருந்தே எங்கள் கையில் இருக்கும் நிலம் என்ற பேச்சு நீர்நிலையில் எடுபடாது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் உங்கள் தென்னை வரிசை கரைச் சரிவிலேயே நிற்கிறது. மோட்டார் கொட்டகையின் ஒரு மூலையும் எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே புல வரைபடத்தை வைத்து, தனியார் அளவர் ஒருவரைக் கொண்டு உங்கள் பக்கத்தை மட்டும் முதலில் அளந்து பாருங்கள். தென்னை உள்ளே இருந்தால் ரிட்டை மறந்துவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் இருவரோடு பெரியப்பா வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். இரு தரப்பும் விலகி வாரியைத் திறந்துவிடுவதே பேச்சாக இருக்கட்டும். ஆளுக்குப் பாதி என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அரசு நிலத்தைப் பங்கு போட்டதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியமாகிவிடும்.