மகள் மருத்துவம், மகன் சட்டம், சனி ஞாயிறு சேவை: மல்லாவியிலிருந்து ஒரு தாயின் கேள்விக்கு

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன் அம்மா. மூத்தவள் யாழ்ப்பாணம் மருத்துவ பீடத்தில் நான்காம் வருடம், முடித்ததும் கம்பஸிலேயே படிப்பிக்கப் போகிறாளாம், தனியார் ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டாளாம். மகன் அதே பல்கலைக்கழகத்தில் சட்டம், அதுவும் தொழில் சட்டம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். சனி ஞாயிறென்றால் இரண்டு பேரும் பஸ் பிடித்து மாங்குளத்தில் இறங்கி, அங்கிருந்து துணுக்காய்ப் பக்கம் முகாம், விழிப்புணர்வு, இரத்ததானம் என்று திரிகிறார்கள், வழியில் மல்லாவி இருந்தும் வீட்டில் ஒரு நேரச் சோறு சாப்பிட நேரமில்லை. "ஊருக்கு உழைக்கிறதெல்லாம் சரி ஐயா, இதுகள் எப்ப தங்களுக்கு உழைக்கப் போகுதுகள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேவையை விடச் சொல்லுங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால், மன்னிக்க வேண்டும். ஆனால் இப்போது செய்கிற மாதிரியே செய்யட்டும் என்றும் சொல்லமாட்டேன். அதற்கு ஒரு அளவு வேண்டும், அந்த அளவை யார் போடுவது, எதை வைத்துப் போடுவது என்பதுதான் கேள்வி.

முதலில் மகளின் வருடங்களை எண்ணிப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ் ஐந்து வருடம். முடித்தபின் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, அதற்குக் கூப்பிடும்வரை காத்திருக்கிற மாதங்கள் தனி. அதன்பிறகுதான் இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு. படிப்பிக்கிற டொக்டராக வேண்டுமென்றால் தகுதிகாண் விரிவுரையாளராக எடுபட வேண்டும், நோயாளியைப் பார்க்கிற துறை என்றால் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை எழுத வேண்டும், பிறகு எம்.டி. என்ற மேற்பட்டம், பிறகு வெளிநாட்டில் பயிற்சி. விசேட வைத்திய நிபுணர் என்று பெயருக்குப் பின்னால் போடும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். படிப்பு விடுமுறையில் வெளிநாடு போகும்போது பல்கலைக்கழகம் பிணை கேட்கும், போனவர் திரும்பாவிட்டால் பிணை வைத்தவர் காசு கட்ட வேண்டும். மாமனா சித்தப்பாவா, யார் கையெழுத்து வைப்பார்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள், இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை.

இவ்வளவு நீண்ட பாதையில் வாசலிலேயே நிற்கிற காவல்காரன் வகுப்புச் சித்தி, அதாவது வெறும் சித்தியாக இல்லாமல் முதலாம், இரண்டாம் வகுப்பில் பட்டம் எடுப்பது. விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு பரீட்சையை முதல் தடவையில் எழுதாமல் விட்டு மறுதடவை எழுதினால் சித்தி கிடைக்கும், வகுப்பு கிடைக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பெடியன், வேறொரு பீடம், கெட்டிக்காரன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது உலர் உணவு கொண்டுபோய்க் கொடுக்கப் போனான். போகத்தான் வேண்டும், அந்த நேரம் யார் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருப்பார்கள்? ஆனால் வெள்ளம் வடிந்துவிட்டது, அவன் வடியவில்லை. பெயர்ப்பட்டியல், வீட்டுச் சேத விவரம், அறிக்கை என்று மாசி வரைக்கும் இழுபட்டு ஒரு பாடத்துக்குப் போகாமல் விட்டான். இன்றைக்கு நல்ல வேலையில்தான் இருக்கிறான், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவன் ஆசைப்பட்ட விரிவுரையாளர் கதிரை அந்த ஒரு பாடத்தோடு போனது. அந்தப் பட்டியலை வேறு யாரும் எழுதியிருக்கலாம்.

சரி, இனி உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். உங்கள் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். போன வருடம் தேராங்கண்டல் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் முகாம், நான் ஏ.எல். பிள்ளைகளோடு கதைக்கப் போயிருந்தேன். வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் சொப்பிங் பை, வலது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றது. அரிசி ஆலையில் பெல்ட் இழுத்துவிட்டதாம். அவர் வந்தது பிரஷர் பார்க்க. மகள் பிரஷர் பட்டியைக் கட்டிக்கொண்டே அந்தக் கையைப் பார்த்து, கிளினிக் கொப்பியை வாங்கி விரித்தாள். அதில் "வலது கை விரல் காயம்" என்கிற அளவில்தான் இருந்தது, எங்கே எப்படி நடந்தது என்று ஒரு சொல் இல்லை. அவள் உடனே தம்பியைக் கூப்பிட்டாள். அவன் பையைக் கொட்டி மேசையில் அடுக்கினான்: பேனையால் தொகை எழுதிய மூன்று சம்பளக் கவர், நாலாக மடித்த ஒரு கடிதம், அதில் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று ஒரு வரி. அவன் வேறொன்றும் கேட்காமல் கடிதத்தில் இருந்த திகதியைப் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய கலண்டரில் விரல் வைத்து மாதங்களை எண்ணினான். ஐந்து மாதமும் சில நாளும்.

ஏன் எண்ணினான் தெரியுமா? வேலையால் நிற்பாட்டியது அநியாயம் என்று தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் கழித்து அந்த மனிதர் வந்திருந்தால் உண்மை அவர் பக்கம் இருந்தும் கதவு சாத்தியிருக்கும். மகள் பார்த்தது வேறு கணக்கு. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, ஆனால் காயம் வேலைத்தலத்தில், வேலையின்போது வந்தது என்று காட்ட வேண்டும், அதற்கு டொக்டர் எழுதுகிற ஒற்றை வரி எவ்வளவு பெறுமதி என்பது வைத்தியசாலைக்குள் இருக்கிற பலருக்கே தெரியாது. வார்டில் சேர்த்தபோது எழுதிய பதிவைக் கேட்டு எடுக்கச் சொல்லி, யாரிடம் கேட்பது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வைக்கு வந்த டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் கொடுத்தாள், அது எனக்குப் பிடித்தது.

அந்த மண்டபத்தில் அன்றைக்கு இன்னும் பத்துப் பதினைந்து தொண்டர்கள் நின்றார்கள். தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள், கதிரை அடுக்கினார்கள், படம் எடுத்தார்கள். நான் யாரையும் குறைத்துச் சொல்லவில்லை, கதிரையும் யாரோ அடுக்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் பிள்ளைகள் செய்த அந்தக் கால்மணி நேரத்தை வேறு யாரும் செய்திருக்க முடியாது, அதோடு அந்தக் கால்மணி நேரம் அவர்களுடைய படிப்புக்குள்ளேயே வருகிறது. நான் போடச் சொல்கிற அளவு இதுதான். தங்கள் படிப்பு தேவைப்படுகிற சேவைக்குப் போகட்டும், மற்றதெல்லாம் லீவில்.

மகளுக்கு இதில் இன்னொரு வசதி இருக்கிறது. கல்விசார் மருத்துவம் என்றால் வகுப்பு எடுப்பது மட்டும் என்று நினைக்காதீர்கள். சத்திரசிகிச்சை, பொது மருத்துவம் போன்ற துறைகளில் விரிவுரையாளராக இருப்பவர் போதனா வைத்தியசாலையில் வார்டும் பார்ப்பார், ஆராய்ச்சியும் செய்ய வேண்டும், மூன்று குதிரைச் சவாரி. உடற்கூற்றியல் போன்ற துறை என்றால் வார்டு இல்லை. யாழ்ப்பாணத்தில் சமுதாய, குடும்ப மருத்துவத் துறை என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஊருக்குள் போவதுதான் வேலையே. வயலில் இறங்குகிறவர்களுக்கு வருகிற எலிக்காய்ச்சல், வவுனியாப் பக்கம் கமக்காரரின் சிறுநீரக நோய், பாம்புக்கடி, எல்லாம் நம் வாசலில் கிடக்கிற ஆராய்ச்சி. அவள் சனிக்கிழமையில் பார்ப்பதைத் திங்கட்கிழமை கேள்வியாக மாற்றப் பழகினால் இரண்டும் ஒரே வேலையாகிவிடும். ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: முகாமில் எழுதிய விவரங்களை அப்படியே எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும், அதைப் பேராசிரியரிடம் கேட்டுச் செய்யட்டும். படிப்பிக்கிற டொக்டருக்கு என்ன மதிப்பு என்று உங்கள் தம்பி கேட்டாராமே, 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் டாக்டர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து ஆட்களை உருவாக்கினார் என்று அவருக்குச் சொல்லுங்கள். அவரே தனி ஆளாக மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டு இருந்திருந்தால் அவரோடு முடிந்திருக்கும்.

மகன் விஷயத்தில்தான் எனக்குக் கவலை கூட. தொழில் சட்டம் வன்னிக்குத் தேவையா என்றால், மிகத் தேவை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன, அரிசி ஆலை, கடை, கண்ணிவெடி அகற்றும் வேலை என்று எத்தனை பெண்பிள்ளைகள் சம்பளத்துக்குப் போகிறார்கள். நாற்பதாயிரம் சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையிடமிருந்து 8 வீதம், 3,200 ரூபா. முதலாளி 12 வீதம், 4,800 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 1,200 ரூபா, அதுவும் முதலாளியின் கையிலிருந்து. கையிலிருந்து வெட்டுகிற காசு மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது, போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் விலகினால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை உண்டு, 1983ஆம் ஆண்டுச் சட்டம். இதை ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பிள்ளை எழும்பி, "சேர், நான் ஏழு வருஷம் நின்டு விட்டுட்டு சும்மா வந்திட்டன்" என்றாள்.

ஆனால் இந்த வழக்குக்கு வருகிறவரிடம் காசு இராது, வேலை போனதால்தானே வருகிறார். கிளிநொச்சியில் கந்தோர் திறந்து தொழில் வழக்கு மட்டும் செய்து வாழலாம் என்று மகன் நினைத்தால் முதல் சில வருடம் நீங்கள்தான் சோறு போட வேண்டிவரும். பட்டம் நாலு வருடம், பிறகு சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிற்சி, பிறகு கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அதோடு உறுதி எழுதுகிற நொத்தாரிசாகவும் பதிந்துகொள்ளட்டும். இங்கே சட்டத்தரணிகளின் அடுப்பு எரிவதில் பாதி காணி உறுதியால். உறுதி எழுதுவது கேவலம் என்று அவன் முகம் சுளித்தால், அந்த வருமானம்தான் காசில்லாத தொழிலாளியின் வழக்கை எடுக்கவிடும் என்று சொல்லுங்கள். இன்னொரு வழி, சில வருடம் ஒரு கொம்பனியின் மனிதவளப் பிரிவிலோ தொழில் திணைக்களத்திலோ இருந்து முதலாளி பக்கத்துக் கோப்பு எப்படி இருக்கும் என்று பழகிவிட்டு வருவது. கொள்கை போய்விடும் என்பான். போகாது.

இப்போதைக்கு இரண்டு பேருக்கும் ஒரு எல்லைக் கோடு. மகள் இன்னும் டொக்டர் இல்லை, மருந்து எழுதக் கூடாது, டொக்டர் இல்லாத முகாமுக்குப் போகவே கூடாது. மகன் இன்னும் சட்டத்தரணி இல்லை, திகதி எண்ணலாம், படிவம் நிரப்ப உதவலாம், கடிதங்களை ஒழுங்குபடுத்தலாம், பிறகு தொழில் அலுவலகத்துக்கோ சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ அனுப்பிவைக்க வேண்டும். "நான் பார்த்துத் தருகிறேன்" என்ற சொல் அவன் வாயில் வரக்கூடாது. ஊரில் மரியாதை கூடக் கூட அந்தச் சொல் தானாக வரும்.

நாள் கணக்கும் சொல்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சேவைக்கு, அவ்வளவுதான். பரீட்சைக்கு ஆறு வாரம் முன்பிருந்து ஒன்றுமில்லை, வெள்ளம் வந்தால் மட்டும் விதிவிலக்கு, அதற்கும் திரும்புகிற திகதியை முதலே உங்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மல்லாவி வீட்டில். அதை நான் உங்களுக்காகச் சொல்லவில்லை, வீட்டுக் கடன் எவ்வளவு, குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, சிறுபோகம் செய்தீர்களா என்று தெரியாத பிள்ளை ஊருக்குச் செய்கிற சேவையில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அப்புறம், செய்த வேலைக்குக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன வேலை, எத்தனை மணித்தியாலம். சண்டை முடிந்த காலத்தில் நான் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு இரண்டு வருடம் சனி ஞாயிறு படிவம் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். திட்டம் முடிந்ததும் கந்தோரைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு ஒரு புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தபோது, அப்படி ஒரு வேலை செய்தேன் என்று காட்ட என்னிடம் ஒரு தொப்பிதான் இருந்தது.

கடைசியாக, அடியில் குறுக்காக எழுதியிருந்தீர்களே, இளையவளும் அண்ணன் அக்காவோடு முகாமுக்குப் போகக் கேட்கிறாள் என்று. ஓ.எல். எழுதி முடிக்கட்டும். முடித்ததும் அந்த இரண்டு சனிக்கிழமையில் ஒன்றுக்கு அனுப்பிவிடுங்கள், பெயர் பதிகிற மேசையில் இருக்கலாம். உறையின் மேல் விலாசம் எழுதியது அவள்தானே? போன முகாமில் பதிந்த கொப்பியை யாராலும் வாசிக்க முடியவில்லை.