சிங்கப்பூரில் வாடகை வீடு: பாலக்கோட்டுத் தம்பிக்கு

தம்பி, மாதம் 3,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் எஸ் பாஸ், அதாவது நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி, வந்திருக்கிறது, ஊர்க் கணக்கில் அது பெரிய காசு, அப்புறம் ஏன் நம் ஆட்கள் ஒரே அறையில் மூன்று நான்கு பேராக நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள், மனைவியைக் கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறாய். நான் காவேரிப்பட்டினத்துக்காரன், இங்கே குடும்பத்தோடு தங்கிவிட்டவன்.

மனைவியை இப்போதைக்கு அழைத்து வர முடியாது. அதற்கான பாஸுக்கு மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவிடு.

எப்படிப்பட்ட வீட்டில் இருப்போம் என்பதைச் சம்பளம் மட்டும் முடிவு செய்வதில்லை. நம் ஊரில் பட்டா இல்லாத குடும்பம் எவ்வளவு உழைத்தாலும் அரசு வீட்டுப் பணம் கைக்கு வராமல் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழேயே இருக்கிறதே, இங்கே அந்தப் பட்டாவின் இடத்தில் உன் பாஸ் இருக்கிறது. 1968 முதல் குடிமக்கள் சேமநிதிப் பணத்தில் (நம் ஊர் பி.எஃப் மாதிரி) வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு, வாங்கலாம். அதனால் சாதாரண வேலைக்காரருக்கும் சொந்த வீடு இருக்கிறது. பாஸில் வரும் உன்னைப் போன்றவர்களுக்கு வாடகைதான். கட்டுமான வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் (எஸ் பாஸுக்குக் கீழ்ப்படியில் உள்ள வேலை அனுமதி) வரும் நம் பிள்ளைகளுக்கு வீவக வாடகை வீடும் கிடையாது, டார்மிட்டரி என்னும் தொழிலாளர் விடுதிதான். எஸ் பாஸ்காரர் எடுக்கலாம். ஆனால் முழு வீடு என்றால் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு ஒரு வட்டாரத்து வீடுகளில் 8 சதவீதம், ஒரு பிளாக்கில் 11 சதவீதம் வரைதான் வாடகைக்கு விடலாம் என்று வரம்பு உண்டு. அறைக்கு அந்த வரம்பு இல்லை.

அப்புறம் கடன். வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன் அது தீரும்வரை எது மலிவோ அந்தப் படுக்கையில்தான் படுப்பான். ஊரில் மாடி எழும்ப எழும்ப இங்கே அவன் அறை சுருங்கும். எனக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும். முதல் வருடம் ஊரில் கட்டடம் தொடங்காதே. கடனை அடை, உடம்பைப் பார்.

அறை பார்க்க இரவு ஒன்பதுக்கு மேல் போ. அப்போதுதான் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று தெரியும். மெத்தையின் தையல் ஓரத்தைப் புரட்டிப் பார். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி, திரும்பி வந்துவிடு. பலகையால் தடுத்த, ஜன்னல் இல்லாத பகுதியை அறை என்று காட்டினாலும் வேண்டாம். அறை விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' (லேசான சமையல்) என்று இருந்தால் பெரும்பாலும் தாளிக்கக் கூடாது என்று பொருள். களி கிண்டி, குழம்பு வைக்கலாமா என்று நேராகக் கேட்டு எழுதி வாங்கு.

பணத்தை வீட்டுக்காரரிடமே கொடு. முழு வீட்டை வாடகைக்கு எடுத்தவர் உள்வாடகைக்கு விட வீவக விதியில் இடமில்லை. ஒப்பந்தம் குறைந்தது 6 மாதத்துக்கு இருக்க வேண்டும். முத்திரைத்தாள் வரி கட்டிய ரசீதைக் கேட்டு வாங்கு, உன் பெயரை வீவகவில் பதிந்தாயிற்றா என்றும் கேள். இது இரண்டும் முடியாமல் முன்பணம் கொடுக்காதே.