புளோரிடாவில் மலைப்பாம்புகளை அவிழ்த்துவிட்டது புயல்தானா?

1992-ல் வீசிய ஆண்ட்ரூ புயலில் தப்பிய பாம்புகள்தான் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகினவா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. அந்த ஆகஸ்டில் பாம்பு வளர்ப்புக்கூடம் ஒன்று சிதைந்தது நிஜம். ஆனால் பர்மிய மலைப்பாம்பு அங்கே 1979-லேயே தென்பட்டுவிட்டது. குட்டியாக ஆசைப்பட்டு வாங்கி, பத்தடி வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் கொண்டுபோய் விட்டவர்களைத்தான் நான் முதலில் சொல்வேன். புயல் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

விளைவை நினைத்தால் மனசு கனக்கிறது. 2012-ல் வெளியான ஆய்வின்படி, சாலையோரக் கணக்கெடுப்பில், இந்தப் பாம்புகளுக்கு இரையாகும் ரக்கூன் என்ற சிறு பாலூட்டிகள் 99 சதவீதம் குறைந்திருந்தன. முயல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

பாம்புகளைப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். விளிம்பு அறுக்கும் ஆளுயரக் கோரைக்குள் பழுப்புத் திட்டுகளோடு அசையாமல் கிடக்கும். காலடியில் இருந்தாலும் தெரியாது. அதனால் ஆண் பாம்பின் உடலுக்குள் ரேடியோ கருவி பொருத்தி விடுகிறார்கள். இணைசேரும் காலத்தில் அது பெண்ணைத் தேடிப் போகும், சிக்னலைப் பிடித்தபடி ஆட்கள் பின்னாலேயே போவார்கள். பெண் பாம்பு ஒரே தடவையில் 50 முட்டைகூட இடும், சுருண்டு படுத்து, தசைகளை நடுங்கவைத்துச் சூடேற்றி அடைகாக்கும். ஆகவே சினையுள்ள ஒரு பெண் பிடிபடுவதே பெரிய காரியம்.