கட்டில் வாங்கப் போறீங்களா, குனிஞ்சு அடியில பாருங்க

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல கட்டிலைப் பத்திதான். எல்லாருக்கும் ஒரே கதை, ரூம் சின்னது, காத்துல எப்பவும் ஈரம், வாங்கின ரெண்டாவது வருஷமே பூஞ்சையோ துருவோ வந்துடுது. அதனால எல்லாத்தையும் சேத்து வச்சு பதில் சொல்லிடறேன்.

கேள்வி: எங்க பெட்ரூம் பத்துக்குப் பத்து. பீரோ ஒண்ணு வச்சா நடக்க இடம் இருக்காது, அதனால அடியில பொருள் வைக்கிற மாதிரி ஹைட்ராலிக் கட்டில் குயின் சைஸ்ல எடுக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. ஆனா மழைக்காலம் வந்தா எங்க ரூம்ல செருப்புல கூட பூஞ்சை வந்துடும். எடுக்கலாமா வேண்டாமா?

பதில்: முதல்ல டேப்பை எடுங்க. குயின் மெத்தை 60க்கு 78 இன்ச். ஆனா கட்டில் அந்த சைஸ்ல வராது, சட்டம், ஹெட்போர்டுன்னு சொல்ற தலைமாட்டுப் பலகை எல்லாம் சேந்தா சுமாரா 65க்கு 84 ஆயிடும் (கடையில மெத்தை சைஸ மட்டும்தான் சொல்லுவாங்க, வெளி அளவு நீங்கதான் கேக்கணும்). உங்க ரூம் 120 இன்ச். நடுவுல போட்டா ரெண்டு பக்கமும் 27 இன்ச் மாதிரி மிஞ்சும், கால்மாட்டுல 36. நடக்கறதுக்கு இது போதும். ஆனா கதவு உள்பக்கமா திறக்குமான்னு பாருங்க, நிறைய பேர் இதை மறந்துட்டு கதவு பாதிதான் திறக்குதுன்னு அப்புறம் புலம்புவாங்க. பக்கவாட்டுல இழுக்கிற டிராயர் வச்ச கட்டில் உங்களுக்கு சுத்தமா ஆகாது, டிராயரே 20 இன்ச்சுக்கு மேல வெளிய வரும், அப்புறம் நீங்க எங்க நிப்பீங்க? அந்த வகையில ஹைட்ராலிக் பரவாயில்ல, கால்மாட்டுல நின்னு மெத்தையோட பலகையைத் தூக்கினா போதும்.

இடத்துக்கு சரி, ஈரத்துக்குத்தான் சரிப்படாது. ராத்திரி தூங்கும்போது ஒருத்தர் உடம்புலேந்து வேர்வையாவும் மூச்சாவும் ஒரு டம்ளர் தண்ணிக்குக் குறையாம வெளிய போகுது, அதுல ஒரு பங்கு மெத்தைக்குள்ள இறங்கும். இறங்கினது அடிப்பக்கமா வெளியேறணும். ஸ்டோரேஜ் கட்டில்ல மெத்தைக்குக் கீழ முழு ப்ளைவுட் பலகை, அதுக்குக் கீழ மூடின பெட்டி, பெட்டி தரையோட ஒட்டி இருக்கும். வெளியேற வழியே இல்ல. அதனாலதான் மெத்தைய ஒரு நாள் தூக்கிப் பாத்தா நம்ம படுக்கிற இடத்துக்கு நேர் கீழ கருப்பு கருப்பா புள்ளி.

ஏசி இருந்தா இன்னும் மோசம், இது நிறைய பேருக்குத் தெரியாது. வெளிய 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வச்சுக்கங்க, அந்தக் காத்து 28 டிகிரிக்குக் கீழ இருக்கிற எதுமேல பட்டாலும் அதுல தண்ணி கோத்துக்கும். ராத்திரி பூரா 24ல ஏசி ஓடி ரூம்ல எல்லாமே குளுந்து கிடக்கும், காலையில ஏசிய அணைச்சுட்டு ஜன்னலைத் திறக்கறோம், ஈரக்காத்து உள்ள வந்து குளுந்த பொருள்மேல எல்லாம் படியுது. மேல இருக்கிறது சீக்கிரம் காஞ்சுடும், கட்டில் பெட்டிக்குள்ள சூடு ஏறவும் நேரமாகும், காயவும் வழி கிடையாது.

நானே பட்டவன். இதே மாதிரி ஒரு கட்டில் வாங்கி, அதுல கம்பளி, ஒரு தோல் பை, சர்டிபிகேட் ஃபைல் எல்லாத்தையும் போட்டு மூடிட்டு ஒரு மழைக்காலம் பூரா திறக்கவே இல்ல. திறந்தா முதல்ல வாடைதான் வந்துச்சு. பை மேல சாம்பல் பூசின மாதிரி ஒரு படலம், சர்டிபிகேட் ஓரமெல்லாம் பழுப்பு. கடைக்காரரைக் கேட்டா ரூமைப் பூட்டியே வச்சிருப்பீங்க சார்னு என் தலையிலயே கட்டிட்டாரு. பூட்டல, அதே கட்டில்லதான் தினமும் தூங்கிட்டு இருந்தேன்.

அதனால என் ஓட்டு, 10லேந்து 12 இன்ச் உயரக் கால் வச்ச சாதா கட்டில். அடியில மூடி போட்ட, சக்கரம் வச்ச பிளாஸ்டிக் பெட்டி நாலு வாங்கித் தள்ளிக்கங்க. கிட்டத்தட்ட அதே அளவு பொருள் கொள்ளும், பெருக்கும்போது இழுத்துடலாம், மெத்தைக்குக் கீழயும் காத்து ஓடும். வீட்டுக்காரர் ஹைட்ராலிக்தான்னு பிடிவாதமா நின்னா, மெத்தைக்குக் கீழ வர்ற பலகையில அரை அடிக்கு ஒண்ணா ஒரு இன்ச் ஓட்டை போட்டுத் தரச் சொல்லுங்க, வெட்டின ஓரத்துல வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்க, பெட்டிக்கு அடியில சின்னதா காலாவது வைக்கச் சொல்லுங்க. அப்புறம் அதுக்குள்ள போடற சிலிக்கா ஜெல் பாக்கெட்டை நம்பாதீங்க, தன் எடையில மூணுல ஒரு பங்கு தண்ணி குடிச்சா அது பெரிய விஷயம், அதாவது 10 கிராம் பாக்கெட் 3 கிராம்தான் இழுக்கும். கால்சியம் குளோரைடு போட்ட டப்பா எவ்வளவோ மேல், ஆனா அதுல தண்ணி சேரும், சாய்ஞ்சு கொட்டாம வைக்கணும். ரசகற்பூர உருண்டை பூச்சிக்கு மட்டும்தான், ஈரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கேள்வி: கடல் பக்கத்துல வீடு அண்ணா. மரம்னா கரையான், இரும்புன்னா துரு, எதைத்தான் வாங்கறது? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொல்லி ஒரு கடையில காந்தம் எல்லாம் வச்சுக் காட்டினாங்க, ஒட்டல.

பதில்: காந்தம் ஒட்டலேன்னா நல்ல ஸ்டீலுன்னு அர்த்தம் இல்ல தம்பி. 202ன்னு ஒரு வகை இருக்கு, 304ன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டுலயுமே காந்தம் ஒட்டாது. 202ல நிக்கல் கம்மி, உப்புக்காத்துல சீக்கிரமே பழுப்புப் புள்ளி வரும். பில்லுல 304ன்னு எழுதித் தரச் சொல்லுங்க, தயங்கினாங்கன்னா விஷயம் புரிஞ்சுடும்.

சாதா இரும்புன்னா, காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் பிடிக்கும், உப்பு படிஞ்சா அதுக்கும் முன்னாடியே. பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பவுடரைத் தூவி சூட்டுல உருக்கி ஏத்தறது) நல்லதுதான், ஆனா துரு வர்றது எப்பவும் கோட்டிங் ஒழுங்கா ஏறாத இடத்துல. வெல்டிங் பத்தவச்ச மூலை, போல்ட்டு ஓட்டையோட விளிம்பு, கால் தரையில படற இடம், அப்புறம் பைப்போட உள்பக்கம். உள்பக்கம் பெயிண்டே இருக்காது. பைப் முனையெல்லாம் பிளாஸ்டிக் மூடியால அடைச்சிருக்கான்னு பாருங்க, திறந்து இருந்தா ஈரக்காத்து உள்ள போய் உள்ளேந்தே அரிக்கும், வெளிய தெரியும்போது பைப் பொத்துட்டு நிக்கும். தகடோட கனம் கேளுங்க. கேஜ் நம்பர் கூடக்கூட தகடு மெல்லிசு, 16 கேஜ்னா 1.6 மில்லிமீட்டர், 18ன்னா 1.2. பெரிய நம்பர்னா பெருசுன்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க.

தரைய ஈரத்துணியால துடைக்கிறவங்க, கட்டில் கால்ல ரப்பர் புஷ் இருக்கான்னும் பாத்துக்கங்க, புஷ்ஷை வருஷத்துக்கு ரெண்டு தடவை கழட்டித் துடைக்கணும், இல்லேன்னா தண்ணி அதுக்குள்ளயே நின்னு காலை அரிச்சுடும். கீறல் விழுந்தா அன்னிக்கே உப்புத்தாள் தேச்சு துருவுக்கு அடிக்கிற ப்ரைமர் ஒரு கை, பெயிண்ட் ஒரு கை. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா பெயிண்டுக்கு அடியிலயே துரு பரவிடும்.

கேள்வி: ஷோரூம்ல முழு மரம்னு சொல்றாங்க, விலை மட்டும் மத்த கடையை விட ரொம்பக் கம்மியா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கறது? எந்த மரம் ஈரத்தைத் தாங்கும்?

பதில்: இதுக்குத்தான் குனிஞ்சு பாருங்கன்னு தலைப்புலயே சொன்னது. கட்டிலோட மேல் பக்கம் விக்கறதுக்காக செஞ்சது, உண்மை எல்லாம் அடியில இருக்கும். சட்டத்தோட மேல ஓடற மர ரேகை அப்படியே ஓரத்துல திரும்பி பக்கவாட்டுலயும் தொடருதான்னு பாருங்க. மரம்னா தொடரும். ஓரத்துல மெல்லிசா ஒரு பட்டை ஒட்டியிருந்தா உள்ள வேற ஏதோ இருக்கு. ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள டார்ச் அடிங்க, மரத்தூளை அமுக்கி வச்ச மாதிரி உதிர்ந்தா பார்ட்டிகிள் போர்டு.

பார்ட்டிகிள் போர்டு ஈரமான ஊருக்கு வேண்டவே வேண்டாம். சாதாரணமா அதுல போடற யூரியா பசை ஈரத்துல விட்டுடும், போர்டு உப்பும், காஞ்சாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, உப்பின இடத்துல ஸ்க்ரூ பிடிக்காது. எம்டிஎஃப்பும் (மர நாரை அமுக்கி செஞ்ச பலகை) அதே ஜாதிதான், கொஞ்சம் தாமதமா உப்பும். காசு கம்மின்னா ஃபீனால் பசை போட்ட நல்ல ப்ளைவுட், கடையில மரைன் ப்ளைன்னு கேட்டா குடுப்பாங்க, அதுக்குப் போங்க. அதுலயும் பசைதான் தண்ணியத் தாங்கும், உள்ள இருக்கிறது மரம், ஓரத்தை மூடலேன்னா குடிக்கும்.

முழு மரத்துல தேக்கு முதலிடம், அதுல இருக்கிற எண்ணெய்தான் காரணம். ஆனா தேக்குன்னு பேர் இருந்தா போதாது, வைரம் பாஞ்ச பகுதியா வெளிர் பகுதியான்னு பாக்கணும். வெளிர் பகுதியில வண்டு ஏறும், தேக்கா இருந்தாலும் ஏறும். ரப்பர் மரத்துல மாவுச்சத்து ஜாஸ்தி, வண்டுக்குப் பிடிச்ச மரம், போரான் மருந்து ஏத்தினதான்னு கேக்காம வாங்காதீங்க. வாங்கின கட்டிலுக்குக் கீழ மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்து மரத்துல குண்டூசி தலை அளவு ஓட்டை இருந்தா வண்டு, மண்ணால குழாய் மாதிரி ஏறியிருந்தா கரையான், மணல் மாதிரி சின்னச் சின்ன உருண்டை கொட்டினா அது மரத்துக்குள்ளயே குடியிருக்கிற கரையான். மருந்து ஒவ்வொண்ணுக்கும் வேற, அதனால பாக்காம எதையும் அடிக்காதீங்க.

இன்னொண்ணு. மரம் சும்மா இருக்காது, காத்துல ஈரப்பதம் 50 சதவீதம்னா மரத்துக்குள்ள 9 சதவீதம் கிட்ட ஈரம் நிக்கும், காத்துல 80 ஆனா மரத்துல 16 ஆயிடும். அப்ப அகலத்துல விரியும், நீளத்துல கிட்டத்தட்ட மாறாது. 20 சதவீதத்தைத் தாண்டி நின்னுச்சுன்னாதான் அழுகற பயம். பாலிஷ் ஈரத்தை நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். ஆனா நிறைய கட்டில்ல மேல மட்டும் பளபளன்னு அடிச்சுட்டு அடிப்பக்கத்தை வெறும் மரமா விட்டுடறாங்க, அப்ப ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் ஈரம் குடிச்சு பலகை வளையுது. அடியிலயும் ஒரு கை அடிச்சுக் குடுங்கன்னு கேளுங்க. பெரிய செலவு இல்ல, யாரும் கேக்காததால யாரும் செய்யறது இல்ல.

கேள்வி: மெத்தையைத் தரையிலயே போட்டுக்கறேன், ரூம் பெருசா தெரியுது. தப்பா?

பதில்: ஈரமான ஊர்ல தப்பு. தரை குளிர்ச்சி, மேல உடம்புச் சூடு, நடுவுல மெத்தை, ஈரம் அடியில வந்து நின்னுடும். தினமும் காலையில மெத்தையத் தூக்கி சுவத்துல சாய்ச்சு வைக்க முடியும்னா போடுங்க, முடியாதுன்னா வேண்டாம். தரையை ஒட்டின மாதிரி வர்ற தாழ்வான கட்டிலுக்கும் இதேதான். குறுக்குப் பலகை வச்ச கட்டில் எடுங்க, பலகைக்கு நடுவுல ரெண்டு மூணு இன்ச் இடைவெளி. அதுக்கு மேல விட்டா ஃபோம் மெத்தை பள்ளம் விழும். ரெண்டு பேர் படுக்கிற சைஸ்னா நடுவுல ஒரு சட்டமும் அதுக்குத் தனியா ஒரு காலும் கட்டாயம் இருக்கணும்.

கேள்வி: துணி போட்டு பஞ்சு வச்ச ஹெட்போர்டு அழகா இருக்கு அக்காவுக்கு அதுதான் வேணுமாம், சுவத்தோட ஒட்டிப் போடலாமா?

பதில்: அந்த சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அக்காவைப் பாக்கச் சொல்லுங்க. பாத்ரூம்னாலோ மழை நேரா அடிக்கிற வெளிச்சுவர்னாலோ ஓதம் இருக்கும், பஞ்சு அதைக் குடிச்சு வச்சுக்கும், கழட்டித் துவைக்கவும் முடியாது. உறை தனியா கழட்டற மாதிரி இருந்தா வாங்கலாம். எந்த ஹெட்போர்டா இருந்தாலும் சுவத்துலேந்து ரெண்டு மூணு இன்ச் தள்ளியே போடுங்க.

கேள்வி: புதுக் கட்டில், மூணு மாசத்துல கிரீச் கிரீச்னு சத்தம். மாத்திக் கேக்கலாமா?

பதில்: முதல்ல ஸ்பேனர் எடுத்து எல்லா போல்ட்டையும் ஒரு சுத்து இறுக்குங்க. ஈரக்காலத்துல விரிஞ்ச மரம் வெயில்ல சுருங்கும்போது போல்ட்டு தானா லூஸ் ஆகும், இது கம்பெனி தப்பு இல்ல. பலகை சட்டத்துல உரசற இடத்துல மெழுகுவத்திய நல்லா தேய்ங்க, போல்ட்டுக்கு நைலான் வாஷர் போடுங்க. அப்புறமும் சத்தம் வந்தா மெத்தையத் தூக்கிட்டு ஒருத்தரைக் கட்டிலை ஆட்டச் சொல்லி நீங்க அடியில காதை வச்சுக் கேளுங்க, மூட்டு ஒட்டின இடமே பிரிஞ்சிருந்தா வீடியோ எடுத்துக்கிட்டு வாரண்டிக்குப் போங்க. கடைக்காரர் வந்து பாக்கறதுக்கு முன்னாடி நீங்களா பசை ஊத்திடாதீங்க, அதையே காரணம் காட்டி வாரண்டி கிடையாதுன்னு சொல்லிடுவாங்க.