சபை வேலை எல்லாம் செஞ்சும் உள்ள வறண்டு கிடக்கு, கிறிஸ்தவ வாழ்க்கையில இளைப்பாறுதலும் புதுப்பெலனும் எப்படி கிடைக்கும்?

உங்க கேள்வியைப் படிச்சிட்டு சும்மா போக முடியல. பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்), செவ்வாய்க்கிழமை உபவாச ஜெபம் எல்லாத்துலயும் இருக்கேன், பைபிளும் விடாம வாசிக்கிறேன், ஆனா உள்ள காஞ்சு போச்சு, இன்னும் அதிகமா ஜெபிக்கணுமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். இப்போதைக்கு இன்னும் அதிகமா எதுவும் செய்யாதீங்க. முதல்ல நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க.

இப்படி எழுதினா "இவ ஜெபத்துக்கு விரோதமா பேசுறா"ன்னு கிளம்பி வருவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் மூணு தலைமுறையா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில வளர்ந்தவ, திருநெல்வேலிப் பக்கம், எங்க பாட்டி பைபிள் உமனா, அதாவது பொம்பளைங்களுக்கு வேதம் சொல்லிக்குடுக்கிற ஊழியக்காரியா, ஊர் ஊரா நடந்தே போனவங்க. ஜெபம் வேணாம்னு நான் எங்கயும் சொல்லல. களைச்சு விழுந்தவங்ககிட்ட "எழுந்து இன்னும் ஓடு"ன்னு சொல்றது வேதத்துல இருக்கிற வைத்தியம் இல்லன்னுதான் சொல்றேன்.

நீங்க பேர் போடல. ஆனா பொண்ணாத்தான் இருப்பீங்கன்னு தோணுது. வேலைக்கும் போவீங்க, வீட்டுல வயசானவங்களும் இருப்பாங்க, சர்ச்சுல யாராவது வந்து "நீங்கதான் செய்யணும்"னு சொன்னா முடியாதுன்னு சொல்ல வாய் வராது, அதனாலயே எல்லாப் பொறுப்பும் உங்க தலையில வந்து விழும். ஆணா இருந்தா மன்னிச்சிருங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் இப்படித்தான்.

என் கதைக்கு வர்றேன். நான் ஸ்கூல் டீச்சர். வீட்டுக்காரர் கப்பல்ல வேலை, அப்ப மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில இருந்தாங்க. அந்த வருஷம் டிசம்பர் எப்படிப் போச்சுன்னு நம்ம ஊர் சபைக்காரங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பாடகர் குழு பிராக்டிஸ், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேரல் ரவுண்ட்ஸ், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைங்க நாடகம், மேய்ப்பன் வேஷத்துக்குத் துண்டு, தேவதூதனுக்குச் செறகு, விடியக்காலம் கிறிஸ்மஸ் ஆராதனை, அடுத்து வருஷக்கடைசி ஆராதனை, புது வருஷ ஆராதனை, நடுவுல அரையாண்டுப் பரிட்சை பேப்பர் திருத்துறது, மாமியாருக்குப் பெட் பேன் வைக்கிறது. எல்லாம் செஞ்சேன், சந்தோஷமாத்தான் செஞ்சேன்.

ஜனவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. முழங்கால் போட்டு கையை நீட்டினேன், ஐயர் (எங்க பக்கம் போதகரை அப்படித்தான் சொல்லுவோம்) அப்பத்தை வெச்சாரு, வாயில போட்டேன், ஒண்ணுமே இல்ல. அழுகை இல்ல, நன்றி இல்ல, பயம் கூட இல்ல. எழுந்து வந்து பெஞ்சுல உக்காந்தப்ப கை ரெண்டும் சில்லுனு இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. சின்ன வயசுல இருந்து என் கூடவே இருந்தவர் சொல்லாம கொள்ளாம எழுந்து போயிட்ட மாதிரி இருந்துச்சு.

சபையில மூத்தவங்க ஒருத்தர்கிட்ட சொன்னேன். 21 நாள் உபவாசம் இருன்னாங்க. இன்னொருத்தங்க, பேர் வேணாம், "மறைவான பாவம் ஏதாவது இருக்கும், யோசிச்சுப் பாரு"ன்னாங்க. படுக்கையில இருக்கிற ஒரு மனுஷியைத் தினமும் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டிட்டு வந்து நிக்கிறவகிட்ட இதைச் சொல்றாங்க. எனக்கு இன்னைக்கும் ஆறல.

என்னைத் தூக்கி விட்டது எங்க பெரியம்மா. ரிட்டயர்டு நர்ஸ், களக்காடு பக்கம் ஒரு கிராமத்துல தனியா இருந்தாங்க. என்னைப் பாத்ததும் கீழ் இமையை விரலால இழுத்துப் பாத்தாங்க, "ஏட்டி, ரத்தமே இல்லையே ஒனக்கு"ன்னாங்க. டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 8. பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னு சொல்லுவாங்க, நான் 8 வெச்சிக்கிட்டு ஆவியில வறட்சின்னு சுத்திக்கிட்டு இருந்திருக்கேன். அதுக்காக எல்லா வறட்சிக்கும் ரத்தசோகைதான் காரணம்னு சொல்ல வரல. ஆனா உடம்பும் ஆத்துமாவும் வேற வேற வீட்டுல குடியிருக்கல, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணும் விழும்.

நாத்தனார் வந்து மாமியாரைப் பாத்துக்கிட்டாங்க (இதைச் சொல்லியே ஆகணும், அவங்க வரலேன்னா எனக்கு ஓய்வுன்னு ஒண்ணு கிடைச்சிருக்காது). நான் ஸ்கூலுக்கு மெடிக்கல் லீவ் போட்டுட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டேன். போன அன்னைக்கு ராத்திரி பைபிளைத் திறந்து வெச்சிட்டு எழுத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன், பெரியம்மா வந்து மூடி வெச்சிட்டாங்க. "ஏட்டி, நீ படு. ஒன் பங்கு ஜெபத்தையும் சேத்து நான் பண்ணுதேன். காலைல எழுப்ப மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில எனக்குள்ள ஏதோ அவுந்துச்சு. அங்க இருந்தப்ப நான் செஞ்சதெல்லாம் தூங்கினது, கஞ்சியும் காணத் துவையலும் சாப்பிட்டது, இரும்புச்சத்து மாத்திரை போட்டது, வாசல்ல உக்காந்து பனங்கிழங்கு உரிச்சது. பொங்கல் சமயம், கிழங்கு வரத்து நல்லா இருந்துச்சு. மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, தோலை உரிச்சு, ரெண்டா பிளந்து, நடுவுல இருக்கிற குருத்தை எடுத்து ஓரமா வெச்சிட்டு, நாரை இழுத்துப் போட்டுட்டுக் கடிச்சா, அந்த லேசான கசப்போட ஒரு இனிப்பு வரும். அதைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் ரொம்ப நாள் கழிச்சு "ஆண்டவரே, இது நல்லா இருக்கு"ன்னு தன்னால வாய்ல வந்துச்சு. யாரும் சொல்லிக்குடுக்காம, லிஸ்ட் இல்லாம, எனக்கா வந்த ஜெபம் அது. அப்பதான் அழுகையும் வந்துச்சு.

பெரியம்மா அப்புறம் 1 இராஜாக்கள் 19ஐ வாசிக்கச் சொன்னாங்க. எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில ஜெபிச்சு, வானத்துல இருந்து அக்கினி இறங்குற அளவுக்கு அவ்வளவு பெரிய காரியம் நடத்தி முடிச்சவரு. அடுத்து ராணி யேசபேல் கொன்னுருவேன்னு மிரட்டினதும் பெயெர்செபா வரைக்கும் ஓடி, வனாந்தரத்துல ஒரு நாள் தூரம் போய், சூரைச்செடிக்கு அடியில உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாகக் கேக்குறாரு. கர்த்தர் அவரைத் திட்டல, உபவாசம் இருன்னு சொல்லல, என்ன பாவம் செஞ்சேன்னு கேக்கல. தூங்க விட்டாரு. தூதன் தட்டி எழுப்பி தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து சாப்பிடச் சொன்னான், சாப்பிட்டுட்டு அவர் மறுபடியும் படுத்துட்டாரு, அதுக்கும் ஒண்ணும் சொல்லல, ரெண்டாம் தரமும் வந்து தொட்டு எழுப்பி சாப்பிடச் சொன்னான். நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனதும், அங்க கர்த்தரோட அந்த மெல்லிய சத்தம் கேட்டதும் இதுக்குப் பிறகுதான். நம்ம பிரசங்கியார்மார் எல்லாரும் கர்மேல் அக்கினியையும் மெல்லிய சத்தத்தையும் பிரசங்கம் பண்ணுவாங்க, நடுவுல இருக்கிற அந்த அடையையும் தூக்கத்தையும் நான் கேட்ட வரைக்கும் யாரும் நின்னு பேசல.

அதே அதிகாரத்துல இன்னொண்ணும் இருக்கு. நான் ஒருத்தன்தான் மீதியா இருக்கேன்னு எலியா புலம்பினப்ப, இல்ல 7000 பேர் இருக்காங்கன்னு சொன்னதோட விடாம, போய் எலிசாவை அபிஷேகம் பண்ணுன்னும் சொல்லிட்டாரு. வேலையைப் பங்கு போட ஆள் ஏற்பாடு பண்ணிட்டாரு. இது நம்ம சபைகள்ல நடக்குதா? ஒருத்தி ஒழுங்கா செஞ்சா அவ சாகுற வரைக்கும் அவளே செய்யணும்.

நான் லீவுல இருக்கும்போது போன்ல ஒரு சகோதரி என்ன சொன்னாங்க தெரியுமா, "ஏமி கார்மைக்கேல் அம்மா 1895ல இந்தியாவுக்கு வந்து சாகுற வரைக்கும் ஒரு தடவை கூட ஊருக்கு லீவுல போகலியே"ன்னு. அயர்லாந்துல இருந்து வந்த மிஷனரி அவங்க, டோனாவூர்ல பிள்ளைங்களை எடுத்து வளத்தவங்க. டோனாவூர் எங்க பெரியம்மா ஊருக்குப் பக்கந்தான், சின்ன வயசுல இருந்து போய் வந்த இடம். அந்தம்மா சொந்த ஊருக்குத் திரும்பிப் போகலங்கிறது உண்மை. ஆனா அதே அம்மா மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுல இடம் வாங்கி வீடு கட்டி, பிள்ளைங்களையும் கூட வேலை செஞ்சவங்களையும் ஓய்வுக்கு அனுப்பினாங்க, அதை ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க? 1931ல கீழ விழுந்து கால் ஒடிஞ்சதுக்கு அப்புறம் 1951ல இறக்குற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் ரூமுக்குள்ளயே படுத்துக் கிடந்தாங்க. அந்த 20 வருஷமும் அவங்க தேவனுக்கு ஆகாதவங்களா ஆயிட்டாங்களா? எழுதினாங்க, பிள்ளைங்க வந்து பக்கத்துல உக்காந்து பேசிட்டுப் போனாங்க. கல்லறைக்குக் கல் வைக்க வேணாம்னு அவங்க சொன்னதால பறவைங்களுக்குத் தண்ணித் தொட்டி ஒண்ணு வெச்சிருக்காங்க. பரிசுத்தவான்களோட கஷ்டத்தை மட்டும் எடுத்து அடுத்தவங்களை அடிக்கிற கம்பா பிடிக்கிறது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

ஓய்வு யாருக்குங்கிறதே ஒரு பெரிய கேள்வி. கொடைக்கானல்ல 1845ல முதல் பங்களா கட்டினதே அமெரிக்கன் மதுரை மிஷன்காரங்கதான், காலராவும் காய்ச்சலும் வந்து சமவெளியில செத்துக்கிட்டு இருந்தாங்க, அதனால மலைக்குப் போனாங்க, நான் குறை சொல்லல. ஆனா எங்க பாட்டி மாதிரி பைபிள் உமன்களுக்கு மலை இல்ல, மே மாச வெயில்ல செருப்பு கூட இல்லாம நடந்தாங்க. உபாகமம் 5ல ஓய்வுநாள் கட்டளையை எடுத்துப் பாருங்க, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு"ன்னு போட்டிருக்கு, நீ எகிப்துல அடிமையா இருந்தவன்தானேன்னு காரணமும் சொல்லியிருக்கு. அப்ப ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்ததும் வீட்டுல எல்லாரும் ஃபேனுக்கு அடியில படுக்க, ஒருத்தி மட்டும் ஆட்டுக்கறிக் குழம்பு வெச்சு விருந்தாளிக்கு இலை போட்டு பாத்திரம் தேய்க்கிறாளே, அவளுக்கு அந்தக் கட்டளை கிடையாதா? வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பணிவிடை செஞ்சே அலுத்துப் போன மார்த்தாளைப் பத்தி மணிக்கணக்கா பிரசங்கம் கேட்டிருக்கேன். அடுப்படியில போய் ஒரு கை குடுன்னு ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல.

இதைச் சொல்லும்போதே இன்னொண்ணும் வயித்தெரிச்சல். சபையில இருக்கிற கொஞ்சநஞ்ச சமாதானத்தையும் இந்த எலக்சன் தின்னுருது. சேகர கமிட்டிக்கும் பெருமன்றத்துக்கும், அதாவது சபை நிர்வாகக் குழுக்களுக்கு, தேர்தல் வந்தா, கோயில் வாசல்லயே நின்னு நோட்டீஸ் குடுக்கிறாங்க, சொந்தக்காரங்களே அணி பிரிஞ்சு பேச்சுவார்த்தை இல்லாம போயிடுறாங்க, அப்புறம் கோர்ட்டு கேஸு. ஆராதனைக்கு வர்ற ஜனங்க பாரத்தை இறக்கி வைக்க வர்றாங்க, வாசல்லயே இன்னொரு மூட்டையைத் தூக்கித் தலையில வெச்சு அனுப்புறீங்க. நீங்க கேட்டது இதில்ல, தெரியும், ஆனா நம்ம களைப்புல பாதி இதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

சரி, ஊருக்குத் திரும்பி வந்து என்ன செஞ்சேன்னா, ஓய்வுநாள் பள்ளி மட்டும் வெச்சிக்கிட்டேன், மத்ததை ஐயர்கிட்ட எழுதிக் குடுத்து விட்டுட்டேன். "பின்வாங்கிப் போயிட்டா"ன்னு பேசினாங்க. பேசட்டும். சனிக்கிழமை ராத்திரியே குழம்பு வெச்சிருவேன், ஞாயித்துக்கிழமை சோறு மட்டும் பொங்குறது, மத்தியானம் கதவைச் சாத்திட்டுப் படுக்கிறது. ராத்திரி எனக்குச் சொந்தமா ஜெபிக்க வார்த்தை வரலேன்னா லூக்கா 2ல குழந்தை இயேசுவைக் கையில ஏந்தி சிமியோன் சொன்னதைச் சொல்றேன், "உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்", இல்ல சங்கீதம் 23. எழுதி வெச்சதை ஒப்பிக்கிறது ஜெபமான்னு பெந்தெகொஸ்தே சிநேகிதி ஒருத்தி கேப்பா. சொந்தக் கால்ல நிக்க முடியாத நாள்ல முன்னோர் ஜெபிச்ச வார்த்தையில சாஞ்சுக்கிறேன், அவ்வளவுதான், அதுல எனக்கு எந்தக் கூச்சமும் இல்ல.

ரிட்ரீட், அதாவது வெளியூர்ல நடக்கிற தியான முகாமுக்குப் போகலாமான்னும் கேட்டிருந்தீங்க. போங்க, ஆனா நிகழ்ச்சி நிரலை முதல்ல வாங்கிப் பாருங்க. காலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் செய்தி மேல செய்தின்னா அது இன்னொரு கன்வென்ஷன். போக முடியாத வீட்டு நிலைமைன்னா மாற்கு 6 வாசிங்க. சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களை, தனியா போய் சற்றே இளைப்பாறுவோம் வாங்கன்னு ஆண்டவர் கூட்டிட்டுப் போறாரு, கரை இறங்குறதுக்குள்ள ஜனங்க ஓடி வந்து நிக்கிறாங்க, அன்னைக்கு அவங்களுக்குக் கிடைச்ச ஓய்வு அந்தப் படகுல போன நேரம் மட்டுந்தான். மாமியாரைப் பாத்துக்கிட்ட காலத்துல எனக்கும் அந்த மாதிரி படகு நேரம்தான் கிடைச்சுது, அவங்க தூங்குற அரை மணி நேரம், அதுல நான் துணி துவைக்காம சும்மா இருக்கக் கத்துக்கிட்டேன்.

தூக்கமே வரல, வாழவே பிடிக்கலன்னு வாரக்கணக்கா இருந்தா டாக்டரைப் பாருங்க, மனநல டாக்டரா இருந்தாலும் பாருங்க. விசுவாசம் குறைஞ்சவங்கதான் போவாங்கன்னு யாராவது சொன்னா அவங்க சர்க்கரை மாத்திரை போடுறாங்களான்னு கேளுங்க.

நான் விலகினா பாடகர் குழுவுக்கு யாரு இருக்கான்னு நீங்க எழுதியிருந்ததைப் பாத்தேன். எங்க சபையில என் இடத்துல இப்ப ஒரு காலேஜ் பொண்ணு ஆல்டோ (பெண்களோட கீழ்க்குரல் பகுதி) பாடுது, மூணு மாசத்துல என்னைவிட நல்லா பிடிச்சிக்கிச்சு. நான் பின்னால ஜனங்களோட உக்காந்து பாமாலை பாடுறேன், வார்த்தைகளை இப்பதான் கவனிச்சுப் பாடுறேன்.