இந்தியப் பெண்களுக்கு ஓட்டுரிமை போராடாமலேயே கிடைத்துவிட்டதா?

கேள்வி கேட்டவர் அநேகமாக ஏதோ ஒரு பரீட்சைக்குப் படிக்கிறவராக இருக்க வேண்டும். "இங்கிலாந்துப் பெண்கள் சிறைக்குப் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். நம் பெண்களுக்கு அரசியல் சட்டம் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டதுதானே?" என்று கேட்டிருக்கிறார். இதையே எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சரித்திர வாத்தியார் அடிக்கடி சொல்வார். நான் கணக்கு டீச்சர், பதில் சொல்லத் தெரியாமல் விடைத்தாளைப் பார்ப்பது போல உட்கார்ந்திருப்பேன். அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில், பாதி உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது போல இங்கே யாரும் ஓட்டுக்காகக் கண்ணாடி ஜன்னலை உடைக்கவில்லை. ஆனால் கேட்காமல் கிடைக்கவில்லை. 1917இல் அடையாற்றில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா போன்றவர்கள் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே வருடம் டிசம்பரில், சென்னைக்கு வந்திருந்த இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு குழு பார்த்து, ஆண்களுக்குத் தருவதை எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டது. யாருக்கு ஓட்டு என்று ஆராய அடுத்து வந்த சௌத்பரோ குழு, இந்தியாவில் இது சரிப்படாது என்று கைவிரித்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு ஓட்டுத் தருவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பை மாகாணங்களின் தலையில் கட்டியது. 1921இல் பெண்களுக்கு ஓட்டு இல்லை என்ற தடையை முதலில் நீக்கிய மாகாணம் சென்னைதான். இதைச் சொன்னால் எங்கள் சரித்திர வாத்தியாருக்கே ஆச்சரியம். அந்தச் சமயத்தில் பிரிட்டனில் 30 வயது ஆகாத பெண்ணுக்கு ஓட்டு கிடையாது, 1928இல்தான் அது மாறியது.

உடனே யாராவது வந்து, "1921இல் சொத்து உள்ளவர்களுக்குத்தானே ஓட்டு?" என்பார்கள். ஆமாம். ஆணுக்கும் அப்படித்தான். ஆனால் தன் பெயரில் நிலமோ வீடோ இருந்த பெண்கள் எத்தனை பேர்? அங்கேதான் முடிச்சு. வாக்களிக்கலாம், ஆனால் சட்டசபைக்குப் போகக் கூடாது என்றும் ஒரு தடை இருந்தது, அது 1926இல்தான் விலகியது. அந்த வருடமே கமலாதேவி சட்டோபாத்யாய் போட்டியிட்டுச் சொற்ப வாக்கில் தோற்றார். நியமனம் பெற்று உள்ளே போன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடுத்த வருடம் சட்டசபையின் துணைத் தலைவரானார்.

அப்புறம் 1935ஆம் ஆண்டுச் சட்டம். சொத்துள்ள ஆணின் மனைவி என்ற தகுதியிலும் ஓட்டுப் போடலாம் என்று அது சொன்னது. பெண் வாக்காளர்கள் சுமார் 60 லட்சம் ஆனார்கள். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பெண்கள் அமைப்புகள் அதற்கு முன்பே, மனைவி என்பதற்காகத் தரும் ஓட்டு வேண்டாம், வயது வந்த எல்லாருக்கும் கொடுங்கள் என்று சொல்லியிருந்தன. அன்றைக்கு இருந்த நிலையில் பிடிவாதம் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். நானும் நினைத்திருப்பேன். அந்தப் பிடிவாதம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போன பிறகுதான்.

அதற்கு முன் இன்னும் ஒன்று. முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒத்துக்கொள்ளவில்லை. கிட்டத்தட்ட 8 கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் இதனால் பட்டியலை விட்டுப் போனார்கள். பெரும்பாலும் வட மாநிலங்கள், ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர் ரொம்ப ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம், மேலே படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில், வீடு வீடாகக் கணக்கெடுக்க என்னைப் போட்டார்கள். ஒரு தெருவில் திண்ணையில் இருந்த மனிதர் தன் பெயர், மகன் பெயர் எல்லாம் கடகடவென்று சொன்னார். வீட்டம்மா பெயர் கேட்டதும், "என் சம்சாரம்னு போட்டுக்குங்க டீச்சர், பேரெல்லாம் எதுக்கு?" என்றார். சரி, அந்தப் பெயரையாவது கேட்டு வாங்கிவிட்டேன். வயதானவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். "எங்கம்மா இருக்காங்க." பெயர்? மனிதர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். நிஜமாகவே தெரியவில்லை. ஐம்பது வயதுக்காரர். அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், ஊர் ஆயா என்று கூப்பிட்டிருக்கிறது. உள்ளே போய்க் குடும்ப அட்டையை எடுத்து வந்தார். அதில் 'பாப்பா' என்று இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து அந்த அம்மா, "அது எம் பேரு இல்ல" என்றார். பிறகு தன் பெயரைச் சொன்னார். ஒரு பூவின் பெயர், அழகான பெயர். (இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். அவரைக் கேட்காமல் போட மனம் வரவில்லை.) மகன் சிரித்தார், மருமகள் சிரித்தாள், பேத்தி "ஆயா, நெசமாவா?" என்று கேட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? பாப்பா. அட்டையில் உள்ளபடி எழுதினால் பின்னால் பிரச்சினை வராது என்று சொல்லியிருந்தார்கள். மணி பன்னிரண்டு, இன்னும் நாற்பது வீடு பாக்கி. அந்த அம்மாவிடம் "அப்புறம் மாத்திக்கலாம் ஆயா" என்றேன். யார் மாற்றப் போகிறார்கள்? அவர் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "ஒரு பெயரில் என்ன இருக்கிறது, ஓட்டு இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் கேட்கலாம். சென் 28 லட்சம் பேரை நீக்கியது சரியா என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. ஓட்டு போனது அந்தப் பெண்களுக்குத்தானே, பெயர் சொல்ல விடாதவர்களுக்கு இல்லையே. ஆனால் நான் செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை.

தேர்தல் நாளில் இதன் மறுபக்கம் வேடிக்கையாக இருக்கும். நான் முதல் வாக்குப்பதிவு அலுவலர், பெயரைச் சத்தமாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றால் வாயைப் பொத்திக்கொண்டு, "பழனியில இருக்காரே, அவரு பேரு" என்பார்கள். வரிசையே சேர்ந்து பதில் சொல்லும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். முந்தின நாளே பெட்டியோடு சாவடிக்குப் போய் அங்கேயே தங்க வேண்டும். பல சாவடிகளில் பெண் அலுவலர்களுக்கு ஒரு கழிப்பறை கூட ஒழுங்காக இருக்காது. கூட வந்த ஆண்கள் இருட்டில் எழுந்து வெளியே போய் வருவார்கள். நாங்கள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வோம். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது, "ஒரு நாள்தானே மேடம்" என்றார் ஒரு அதிகாரி. ஒரு நாள் இல்லை, ஒன்பது தேர்தல். அதில் நாலு முறை என் தபால் ஓட்டுச் சீட்டு வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகுதான் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்களின் பெயரைப் படித்துச் சரிபார்த்தவளுக்கு ஓட்டு இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு வந்த தேர்தலில்தான் எங்கள் தெருப் பெண்களோடு வரிசையில் நின்றேன். முதல் மேஜையில் ஒரு சின்னப் பெண், என் பெயரை நிதானமாக, சத்தமாகப் படித்தாள். அதில் ஓர் எழுத்து தப்பு. பட்டியலில் திருத்தம் கேட்கும் படிவம் 8 எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் மாறவில்லை.