சித்தப்பா கொடுத்த வாட்ச்சோடு ஆற்றில் முங்கலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணாச்சி, எங்க சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய சீக்கோ 5 ஒண்ணு மேசைக்குள்ள சும்மா கிடக்கு. அதில் சபையர் கண்ணாடி, புது டயல், சுத்துற வளையம் எல்லாம் போட்டு, வாட்டர் ப்ரூஃபும் பண்ணி டைவ் வாட்ச்சா மாத்தித் தாரேன்னு ஒருத்தர் சொல்றார். பதினஞ்சாயிரம் வரைக்கும் செலவழிக்கலாம். நான் தினம் ஆத்துல முங்குற ஆளு, சீசனுக்குக் குற்றாலம் போவேன், தூத்துக்குடியில மச்சான் சங்கு குளிக்கப் போறான், அவன்கூட ஒரு நாள் கடல்லயும் இறங்கிப் பாக்கணும். மாத்தட்டுமா, ஒரிஜினலே வாங்கட்டுமா?"

மாற்றாதீர்கள் தம்பி. அந்த வாட்ச் கெட்டது என்பதால் சொல்லவில்லை, நல்ல வாட்ச் என்பதால்தான் சொல்கிறேன். காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதே கேள்வியோடு மாதத்துக்கு நாலு பேர் என் கடைப் படியேறுகிறார்கள்.

வாட்டர் ப்ரூஃப் என்பது மொட்டைமாடிக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி மேலே பூசுகிற சமாச்சாரம் இல்லை. வாட்ச்சுக்குள் தண்ணீர் போக மூன்றே வழிதான்: கண்ணாடியின் ஓரம், பின்மூடி, அப்புறம் நாங்கள் சாவி என்று சொல்கிற, மணி திருப்புகிற அந்தத் திருகு. மூன்று இடத்திலும் ஒரு சின்ன ரப்பர் வளையமோ நைலான் வளையமோ நசுங்கி உட்கார்ந்திருக்கிறது. அது எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேஸில், அதாவது வாட்ச்சின் வெளிக்கூட்டில், வெட்டியிருக்கிற பள்ளம். அந்தப் பள்ளம், கேஸின் கனம், பின்மூடியின் மரை எல்லாம் ஃபேக்டரியிலேயே முடிந்துபோன விஷயங்கள். பின்னால் வருகிற மெக்கானிக் புது வளையம் போடலாம், கிரீஸ் தடவலாம், அந்தக் கேஸை அதன் பிறப்பை விட ஆழத்துக்கு அனுப்ப முடியாது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பின்மூடியில் கண்ணாடி வைத்து மிஷின் தெரிகிற மாடல், சாவி இழுத்தால் வருகிற சாதாரணச் சாவி. டைவ் வாட்ச்சில் சாவி மரையில் திருகி இறுக வேண்டும், அதற்கு கேஸில் மரைபோட்ட ஒரு குழாய் வேண்டும், உங்களுடையதில் அது இல்லை. ஓட்டை போட்டுக் குழாய் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் புதிதாக நாலாவது வழி ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற வளையம் மாட்டவும் அந்தக் கேஸில் இடம் கிடையாது. ஒட்டித்தான் வைப்பார்கள். ஒட்டினது எப்படிச் சுற்றும்?

இந்த ஆழக் கணக்கில் நிறையப் பேருக்குக் குழப்பம். பத்து மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் மூன்று பார் தாங்கும் என்று அர்த்தம், அதுவும் புதிதாக இருக்கும்போது, நகராத தண்ணீரில், சோதனைக் கூடத்தில். சாதாரண வாட்ச்சுகளில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, மாதிரிக்குச் சிலதை எடுத்துப் பார்த்தால் போதும். ஆகவே 30 மீட்டர் என்பதை மழைக்கும் கை கழுவுவதற்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"அருவித் தண்ணீர் அடிக்கிற அடியில் வாட்ச் உடைந்துவிடும்" என்பது பாதி உண்மை. விழுகிற தண்ணீர் தரக்கூடிய அழுத்தம் அது விழுந்த உயரத்தைத் தாண்டாது, பத்து மீட்டர் நேராக விழுந்தால் அதிகபட்சம் ஒரு பார். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் முதலில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக் குழியில் விழுந்து பொங்கி, அப்புறம் பாறையில் தட்டித் தட்டிச் சிதறி வருகிறது, நம் தலையில் விழும்போது அந்தக் கணக்கில் கொஞ்சம்தான் மிச்சம். உண்மையான எதிரி சூடு. கடையம் வழியாக பைக்கில் வெயிலில் போகிறீர்கள், ஹேண்டில் பாரைப் பிடித்த கையில் வாட்ச் தொட முடியாத அளவுக்குக் காய்ந்திருக்கிறது, போன வேகத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தண்ணீருக்குள் நிற்கிறீர்கள். உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கும், சுருங்கினால் வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். பழைய ரப்பர் என்றால் அந்த ஒரு உறிஞ்சலே போதும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு சோப்பும் போடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சோப்புத் தண்ணீர் வெறும் தண்ணீரை விடச் சந்து பொந்துகளில் சுலபமாக நுழையும்.

என் கையாலேயே நடந்தது ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாத்தியாரின் 200 மீட்டர் வாட்ச்சுக்குப் பேட்டரி மாற்றிக் கொடுத்தேன். நாலாவது நாள் திரும்பி வந்தார், கோபமாகக்கூட இல்லை, கையை மட்டும் நீட்டினார். கண்ணாடிக்கு உள்பக்கம், 4-க்குப் பக்கத்தில், மிளகு அளவு ஒரு மூடுபனி. திறந்து பார்த்தால் பின்மூடி வளையத்தின் மேல் ஒரு தலைமுடி குறுக்கே கிடக்கிறது. என்னுடைய முடிதான். வளையம் புதிது, மரை சரி, கேஸ் அருமையான கேஸ், அத்தனையும் ஒரு முடியிடம் தோற்றுவிட்டது. அன்றைக்கு ஆர்டர் போட்டு வாங்கியதுதான் இப்போது மேசையில் இருக்கிற பிரஷர் டெஸ்டர்.

அந்தச் சோதனை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யார் வேலை செய்தாலும் உங்கள் கண் முன்னால் இதைச் செய்யச் சொல்ல வேண்டும். கனமான பிளாஸ்டிக் உருளையில் பாதிக்குத் தண்ணீர். அதற்கு மேலே, தண்ணீர் படாமல், வாட்ச் தொங்கும். கைப் பம்பால் காற்றை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், ஓட்டை இருந்தால் அந்தக் காற்று வாட்ச்சுக்குள் நுழைந்துவிடும். அப்புறம் வாட்ச்சைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெதுவாகக் குறைப்போம். உள்ளே போன காற்று வெளியே வரும், சாவிப் பக்கத்திலிருந்து ஒற்றை நூலாகக் குமிழி கிளம்பும், பார்த்த உடனே வாட்ச்சைத் தூக்கிவிட வேண்டும். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. ஆனால் ஒன்று, என்னிடம் இருக்கிற பம்ப் ஆறு பார் வரைக்கும்தான் ஏறும், சின்னக் கடைகளில் அநேகமாக இதுதான் இருக்கும். ஆகவே ஆறு பாருக்கு மேல் ஏறாத பம்பை வைத்துக்கொண்டு "இருநூறு மீட்டருக்கு நான் கேரண்டி" என்று எவராவது சொன்னால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

ஒரிஜினல் டைவ் வாட்ச்சுக்குக் கொடுக்கிற காசு இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு தரம் உண்டு. அதன்படி குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், எழுதியிருப்பதற்கு மேல் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், 200 மீட்டர் வாட்ச் என்றால் 25 பார். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் மணி தெரிய வேண்டும். இந்தத் தரத்துக்கு உட்பட்டதில் மட்டும்தான் டயலில் "டைவர்ஸ்" என்ற சொல் ஆழத்தோடு சேர்ந்து வரும். வெறும் "வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர்" வேறு, "டைவர்ஸ் 200 மீட்டர்" வேறு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார்.

உங்களுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்? சங்கு குளிக்கிறவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள், இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், ஆறடி. பத்துப் பாகம் என்றால் 18 மீட்டர், இரண்டு பாருக்கும் குறைவு. 1953-ல் ப்ளாங்பெய்ன் கம்பெனி விட்ட பெயர்பெற்ற டைவ் வாட்ச்சின் பெயரே தமிழில் சொன்னால் 'ஐம்பது பாகம்' தான், 91 மீட்டர். உங்கள் மச்சானுக்குச் சொன்னால் சிரிப்பான். அப்படியிருக்க 200 மீட்டர் எதற்கு என்றால், ரப்பர் வருஷா வருஷம் இறுகிக்கொண்டே வரும், அந்தத் தேய்மானத்துக்கான முன்பணம் அது. ஆனால் மூச்சுக்குப் படகிலிருந்து காற்று வருகிற கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிற எண்ணம் இருந்தால் வாட்ச்சைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் முறையாகப் படித்துக்கொண்டு இறங்குங்கள்.

உங்கள் பணத்துக்கு கேசியோ டியூரோ அடங்கும். 200 மீட்டர், திருகுகிற சாவி, ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற வளையம், பேட்டரி மிஷின். அதில் "டைவர்ஸ்" முத்திரை கிடையாது, இருந்தாலும் ஆறு, அருவி, பத்துப் பாகம் கடல் எல்லாவற்றுக்கும் தாராளம். முத்திரையோடு வேண்டும் என்றால் கொஞ்சம் சேர்த்துவைத்து சிட்டிசன் ப்ரோமாஸ்டரில் வெளிச்சத்தில் சார்ஜ் ஆகிற மாடலைப் பாருங்கள், பேட்டரிக்காக அடிக்கடி பின்மூடியைத் திறக்க வேண்டாம் என்பது தண்ணீர் வாட்ச்சுக்குப் பெரிய வரம். சீக்கோ எஸ்கேஎக்ஸ் 007 என்கிற டைவ் வாட்ச் பழையது கிடைக்கிறது என்று யாராவது வந்தால் நிதானம். 1996-ல் வந்து 2019-ல் நின்றுபோன மாடல், அதில் சாவிக்குழாய் கேஸோடு சேர்ந்தது, மரை போனால் கேஸே போச்சு. அதே முகத்தோடு 2019-ல் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் 100 மீட்டர்தான், சாவியும் திருகாது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

மாற்றி அமைக்கிற ஆசை இன்னும் போகவில்லை என்றால் அது தப்பே இல்லை, எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. புதிதாக வாங்குகிற டைவ் வாட்ச்சில் ஸ்ட்ராப்பையும் மேலே சுற்றுகிற வளையத்தையும் இஷ்டத்துக்கு மாற்றுங்கள், அவை கேஸுக்கு வெளியே இருப்பவை, தண்ணீருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. டயல், முள் மாற்ற வேண்டும் என்றால் பின்மூடியைத் திறந்தாக வேண்டும், திறந்தால் புது ரப்பர், சிலிகோன் கிரீஸ், டெஸ்ட். தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் வேண்டாம். கண்ணாடி மாற்றுவதுதான் ஆபத்தானது. கண்ணாடியைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருக்கிறதே, அதில் கண்ணாடி நேராக இறங்க வேண்டும், மயிரிழை சாய்ந்தால் ஒரு ஓரம் பிதுங்கி எதிர் ஓரம் தளரும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. முழுதாகவே கட்ட வேண்டுமானால் 200 மீட்டருக்கென்று செய்த தனிக் கேஸ் வாங்கி சீக்கோவின் என்ஹெச் 35 ஆட்டோமேடிக் மிஷினைப் போட்டுக் கட்டுங்கள், அழகுக்கு அழகு. நான் கட்டியதைக் கையில் போட்டுக்கொண்டு ஆற்றில் குளிப்பேன், கடலுக்குக் கொண்டுபோக மாட்டேன்.

ஃபர்ஸ்ட் காப்பி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். டயலில் 300 மீட்டர் என்று அச்சடிக்க மை மட்டும் போதும்.

எதை வாங்கினாலும் இறங்கும் முன் சாவி திருகியிருக்கிறதா என்று விரலால் பாருங்கள், தண்ணீருக்குள் அதைத் தொடாதீர்கள். கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு காய்ந்தால் மரையில் உட்கார்ந்துகொண்டு கிளம்பாது. எப்போதாவது உள்ளே மூடுபனி தெரிந்தால் அரிசி டிரம்மில் போட்டு மூடிவைக்காமல் அன்றைக்கே எடுத்து வாருங்கள், கடல் தண்ணீர் என்றால் மறுநாள் வரைக்கும்கூட மிஷின் பொறுக்காது.

சித்தப்பா வாட்ச்சை ஒரு சர்வீஸ் பண்ணி, ஸ்ட்ராப் மட்டும் மாற்றி, கல்யாண வீடுகளுக்குக் கட்டுங்கள். புதிதாக வாங்குவதைக் கடலுக்குப் போகிறதற்கு முந்தின நாள் கடைக்கு எடுத்து வாருங்கள், ஆறு பாரில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாது.